இரைச்சல் என்று நீக்கப்பட்டவை

“கழுவாத கோப்பு வேணும்,” என்றாள் நுவாரா.

சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த ஸுபிரின் விரல் அப்படியே நின்றது. கடலளவை அலுவலகத்தில் அவள் சேர்ந்த முதல் நாளே இயக்குநர் ஸி புஆலெம் நாற்காலியில் உட்காரக்கூடச் சொல்லாமல் சொன்னது இதைத்தான். எட்டு மணிக்கு வா, கொடுத்ததைச் சுத்தம் பண்ணு, கழுவாத கோப்பை மட்டும் என்னைக்கும் கேக்காத. மூன்று வருஷமாக அவள் கேட்டதில்லை.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த, டாக்டரம்மா,” என்றான் ஸுபிர். நாற்பத்தைந்து வயது, கிடங்குக் காவல். முன்பு அளவைப் படகில் கயிறு இறக்கினவன். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் என்பதற்காக அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவான். அதில் பாதி கேலி, பாதி என்னவென்று அவளுக்கே தெரியாது. “அது எதுக்கு உனக்கு? நாறும்.”

“நாறட்டும் அண்ணே. குடுங்க.”

கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, கேட்கத்தான் செய்கிறார்கள். படகு ஒலியை அனுப்பும், அது தரையில் பட்டுத் திரும்பும், திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழம் ஒரு புள்ளியாக விழும். ஒரு காலைப்பொழுதில் லட்சக்கணக்கில் புள்ளி. அதில் மீன் கூட்டத்தில் பட்டது, காற்றுக் குமிழியில் பட்டது, பக்கத்துப் படகு இயந்திரம் உறுமியதில் கெட்டது எல்லாம் கலந்திருக்கும். அந்தப் பொய்களைத் திரையில் வளைத்துப் பிடித்து அழிக்க வேண்டும். அதற்குத்தான் இங்கே கழுவுதல் என்று பெயர். நுவாராவின் கை வேகமானது. மற்றவர்கள் ஒரு வாரம் கழுவுவதை அவள் இரண்டு நாளில் கழுவுவாள்.

இன்று காலை, துறைமுக விரிவாக்கப் படத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், யாரும் படிக்காத ஒரு பட்டியலை அவள் படித்துத் தொலைத்தாள். படகு நின்ற கட்டம் கட்டமாக எத்தனை புள்ளி நீக்கப்பட்டது என்கிற பட்டியல். அலைதடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நான்கு புள்ளி. அடுத்த அளவையில் அறுபத்தொன்று. அதற்கடுத்ததில் தொள்ளாயிரம் சொச்சம். இந்த பிப்ரவரியில் பதினோராயிரம்.

இரைச்சல் ஒரே இடத்தில் உட்காராது. இரைச்சல் வளராது.

ஸுபிர் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு இழுப்பறையைத் திறந்து கறுப்பு வட்டுப்பெட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. “தர்றேன். ஆனா நீ படிச்சவ. கீழ கிடங்குல ஒண்ணு இருக்கு, வந்து பாத்து இது இன்னதுன்னு சொல்லணும். ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல.”

“என்னது?”

“மொதல்ல இதப் பாரு. அப்பறம் வா.”

வியாழக்கிழமை மதியம். வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் கட்டிடம் அப்போதே காலி. பிரெஞ்சுக்காரன் காலத்துச் சுங்கக் கட்டிடம் அது, படகுத்துறையிலேயே நின்றது, ஜன்னலிலிருந்து எட்டித் துப்பினால் கடலில் விழும். மேகம் தாழ இறங்கி, இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. நுவாரா வட்டை இணைத்துவிட்டுக் காத்திருந்தபோது, எங்கிருந்தோ, சுவருக்குள்ளா தரைக்கடியிலா என்று சொல்ல முடியாத தூரத்திலிருந்து, ஒரு மூட்டைத் தானியத்தை யாரோ இன்னொரு மூட்டையில் மெல்ல, அவசரமே இல்லாமல் கொட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கூடவே ஒரு வாடை, அழுகின முட்டை வாடை, படகில் அடிச்சேற்றைக் கிளறி எடுக்கும்போது மட்டும் வரும் வாடை.

அம்மாவின் அழைப்பில் கைபேசி அடித்தது. யெம்மா.

“எங்கடி இருக்க? நாலு பொம்பளைங்க கூடி உக்காந்து ரவை உருட்டறோம், நாளைக்குச் சாப்பிடக் குஸ்குஸ் வேணும்னா நீயும் வந்து கை குடு. படிச்சவ கைக்கு ரவை ஒட்டாதா?”

“நாலு மணிக்கு வர்றேன் யெம்மா.”

“குழாயில மண்ணு வருது. உங்க ஆபீஸ்ல சொல்லேன் யாருக்காவது.”

“எங்க ஆபீஸ் கடலுக்கு. குழாய்க்கு இல்ல.”

“என்ன ஆபீஸோ,” என்று யெம்மா வைத்துவிட்டாள்.

வீடு மேலே, துறைக்குப் பின்னால் மேட்டின் மீது, பழைய குடியிருப்பில். இங்கிருந்து நூற்றிருபது படி. அப்பா சார்டின் மீன் பிடித்தவர், போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அந்த வீட்டில் யெம்மாவும் அவளும்தான்.

கோப்பு திறந்தது. அழித்த புள்ளிகளை அவள் சிவப்பில் மீட்டாள்.

இந்தக் கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. மீனவர்கள் அதைத் தொண்டை என்பார்கள். வாய் கரைப்பக்கம், வயிறு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்தில். ஆறு கொண்டுவரும் மணலை அலை கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வந்து இதன் வாயில் போடும். வாய் நிறையும். நிறைந்தது ஒரு நாள் சரியும். சரிந்த சேறு தண்ணீரைவிடக் கனம், ஆகவே தண்ணீருக்கடியிலேயே இன்னொரு ஆறாகப் பாயும், போகிற வழியெல்லாம் தரையை அறுத்துக்கொண்டு. அவளுக்கு ஆறு வயதாயிருந்தபோது வந்த மே மாத நிலநடுக்கத்தில் அப்படிப் பாய்ந்துதான் கடலடித் தொலைபேசி வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. இதெல்லாம் பாடப் புத்தகம். பாடப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்குகள் நீளுவது வால் பக்கத்தில் அல்ல, வாய்ப் பக்கத்தில். வாய்ச்சுவர் இடிந்து, இடிந்த இடம் புதுச்சுவராகி, அதுவும் இடிந்து, கரையை நோக்கி ஏறி வரும். ஆயிரக்கணக்கான வருஷத்தில் என்று எழுதியிருந்தது.

பன்னிரண்டாம் வருஷத்து நான்கு புள்ளிகளும் அலைதடுப்புச் சுவருக்குச் சற்று வெளியே, கூட்டத்தில் சேராமல், ஆழத்தில் தொங்கின. அடுத்த அளவையின் அறுபத்தொன்றும் சுவருக்கு நேர் அடியில். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். படகின் ஒலி கல்லைத் துளைத்துப் போய் இவ்வளவு சுத்தமாகத் திரும்பி வராது. வந்திருக்கிறது என்றால் அங்கே கல் இல்லை. அதற்கடுத்த தொள்ளாயிரமும் மீன் சந்தையின் அடியில். அவற்றில் கடைசியானவை சாலைக்கு அடியில். ஒவ்வொரு முறையும் முந்தின புள்ளிகளின் மேல்முனையிலிருந்து புதியவை கிளம்பியிருந்தன. நாக்கு போல. குறுகலாக, பொறுமையாக, மேலே.

பிப்ரவரி. பதினோராயிரம்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில்.

முந்நூற்று நாற்பது மீட்டர் ஆழம்.

அதோடு நிற்கவில்லை. கட்டிடத்தைத் தாண்டி மேட்டுக்குள் நுழைந்து, பழைய குடியிருப்பின் படிகளுக்கு அடியில் போய் முடிந்தது நாக்கு. முடிந்தது என்பதுகூடத் தப்பு. படகின் ஒலி அதற்குமேல் எட்டவில்லை.

யார் அழித்தது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவிருக்கும். அவள் அழுத்திப் பார்த்தாள். சிவப்பாக இருந்ததில் பெரும்பாலானதற்கு நேரே ஒரே பெயர். நுவாரா. நுவாரா. நுவாரா. வேகமான கை.

“அத மூடு.”

கதவருகே ஸி புஆலெம். கையில் சின்னக் கண்ணாடிக் குவளையில் காப்பி. அவர் எப்போதும் கதவைத் தட்ட மாட்டார். தட்டுவது மரியாதை கொடுக்க வேண்டிய இடங்களுக்கு.

“இதப் பாருங்க. இது இரைச்சல் இல்ல. கட்டிடத்துக்கு அடியில—”

“ஏம்மா, உன்ன என்ன பண்ணச் சொல்லியிருக்கு?”

“மொத நாலு புள்ளிய அழிச்சது யார்னு இருக்கு பாருங்க. உங்க பேரு.”

அவர் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். கோபம் வரவில்லை, அதுதான் அவளைச் சில்லிடவைத்தது. “ஆமா. நான்தான். நாலு புள்ளி. நாலு புள்ளிக்காக ஒருத்தன் துறைமுகத்த நிறுத்துவானா? அன்னைக்கு விட்டிருந்தா எனக்கு இந்த நாற்காலி இல்ல. அடுத்தவன் அறுபத அழிச்சான், ஏன்னா நான் நாலு அழிச்சிருந்தேன். நீ பதினோராயிரம் அழிச்ச. உன்ன யாரும் கையப் பிடிச்சு அழுத்தல.” குவளையை அவளுடைய மேஜையில், அவளுடைய தாள்களின்மேல் வைத்தார். “ஞாயித்துக்கிழம தலைநகர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நாலு மணிக்குள்ள படத்துல கையெழுத்து. உன் நிரந்தர வேலைக் காகிதம் என் மேஜையில இருக்கு. வலை பின்னுறவன் மக இவ்வளவு தூரம் வந்ததே அதிகம். தூக்கிப் போட்டுட்டுப் போகாத.”

“எங்கப்பா வலை பின்னல. மீன் பிடிச்சாரு.”

“எல்லாம் ஒரே நாத்தம்தான்,” என்று குவளையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

நுவாரா எழுந்தாள். அந்தக் கொட்டும் சத்தம் இப்போது நிற்காமல் கேட்டது.

கிடங்குக்குப் பதினாறு படி இறங்க வேண்டும். பழைய காகிதச் சுருள்கள், துருப்பிடித்த கருவிகள், கயிற்றுச் சுருள்கள், ஒரு மஞ்சள் விளக்கு. உப்புப் பூத்த சுவர்களில் எப்போதும் ஈரம் வழியும். கடல் சுவருக்கு அந்தப் பக்கம்தான், ஆகவே தரையின் நடுவில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். ஊறுகிற கடல்நீர் அதில் சேரும், மோட்டார் இரைத்து வெளியே தள்ளும். இரவும் பகலும் ஓடுகிற மோட்டார் அது. அவள் கீழே வரும்போதெல்லாம் அதன் உறுமலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

இன்று மோட்டார் சத்தம் இல்லை. சுவர்கள் காய்ந்திருந்தன.

“ஒரு வாரமா ஓடல,” என்றான் ஸுபிர். தேவையே இல்லாமல் கிசுகிசுத்தான். “கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். கெடல. தண்ணி இல்ல. கடல் அங்க, நாம இங்க, தண்ணி எங்க போச்சு? சொல்லு. நீதான் படிச்சவளாச்சே.”

அவன் இரும்பு மூடியை நகர்த்தினான். குழியிலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த, ஈரமான, ஒரே சீரான காற்று, தூங்குகிறவன் மூக்கிலிருந்து வருவதைப் போல விட்டுவிட்டு அல்ல, வந்துகொண்டே இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். குழியின் சிமெண்டுத் தரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. விளக்கு வெளிச்சம் எதன்மீதும் படாமல் போயிற்று.

“கயிறு இருக்கா அண்ணே?”

ஸுபிர் கேட்காமலே எடுத்து வைத்திருந்தான். பழைய ஈயக்குண்டுக் கயிறு, ஐம்பது மீட்டர், மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஐந்துக்கு ஒரு சிவப்புத் துணி. குண்டின் அடியில் சின்னக் குடைவு. அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். தரையில் என்ன இருக்கிறதோ, மணலோ சேறோ சிப்பியோ, ஒட்டிக்கொண்டு மேலே வரும். கருவி பழுதானால் படகில் இன்றும் இப்படித்தான். அவன் கட்டைவிரலால் கொழுப்பை அழுத்தினான்.

“என் மாமியார்கூட இவ்வளவு ஆழமில்ல,” என்றான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

கயிறு இறங்கியது. ஐந்து. பத்து. காற்றில் குண்டு ஆடி எதிலாவது இடிக்கும் என்று காத்திருந்தார்கள். இடிக்கவில்லை. பதினேழாவது முடிச்சில் கயிறு தளர்ந்தது.

“தட்டிடுச்சு,” என்றாள். மூச்சே அப்போதுதான் வந்தது. பதினேழு மீட்டர். பயப்பட வேண்டியதுதான், ஆனால் பதினேழுதான்.

ஸுபிர் கயிற்றை மெல்ல உயர்த்தி இறக்கிப் பார்த்தான். இருபது வருஷம் கயிறு பிடித்த கை. பாறையா மணலா என்று கயிறே சொல்லிவிடும் என்பான். இப்போது அவன் நெற்றி சுருங்கியது.

“மெத்துனு இருக்கு,” என்றான்.

“சேறா?”

“சேறு இழுக்கும். இது இழுக்கல. இது...” அவன் முடிக்கவில்லை. இழுத்தான். மளமளவென்று இழுத்தான்.

குண்டு மேலே வந்தது. விளக்கடியில் அவள் அதைக் கவிழ்த்தாள். கொழுப்பில் சேறு இல்லை. மணல் இல்லை. மஞ்சளாக, சின்னச் சின்னதாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் உருண்டைகள். அவள் படிப்பே இதுதான். ஒரு பிடி மணலைக் கொடுத்தால் எந்த மலையிலிருந்து உடைந்து எந்த ஆற்றில் வந்தது என்று சொல்வாள். ஒன்றை நகத்தால் எடுத்தாள். நசுங்கியது. இன்னும் ஈரம். ஆலிவ் எண்ணெய் வாசனை.

ரவை. கையால் உருட்டின ரவை. இன்றைக்கு உருட்டினது.

பள்ளத்தாக்கு என்பது ஒரு வழி. மேலே விழுவது கீழே போகிற வழி. கீழே ஒன்று கிடைத்தால், மேலே எங்கே விழுந்தது என்று கேட்க வேண்டும். இருநூறு பக்கம் அவள் எழுதிய ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான்.

“இன்னொரு தடவ,” என்றாள்.

ஸுபிர் மறுபடி இறக்கினான். ஐந்து. பத்து. பதினைந்து. பதினேழு வந்தது. கயிறு தளரவில்லை. இருபது. முப்பது. அவன் அவளைப் பார்க்கவில்லை. நாற்பது. கயிற்றின் நுனி அவன் கையில் இருந்தது. ஐம்பது. குண்டு தொங்கிக்கொண்டிருந்தது, எதையும் தொடாமல்.

பதினேழில் இருந்தது இப்போது இல்லை.

விழுந்துவிட்டது. அல்லது.

ஸுபிர் கையைத் திறந்தான். கயிறு வழுக்கிப் போயிற்று. அவள் நொடிகளை எண்ணினாள். ஐந்து. பத்து. இருபது. சத்தம் வரவில்லை. ஸுபிர் படியேறினான். மேலே மேஜைமீது சாவிக்கொத்து விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வாசற்கதவு. மழைச்சட்டையைக்கூட எடுக்கவில்லை அவன்.

அவள் ஓடினாள். பதினாறு படி. நடை. இயக்குநர் அறை. போகிறபோதே கைபேசியில் யெம்மாவின் எண்ணை அழுத்தினாள். அடித்தது. அடித்தது.

“நாலாகப் போகுது,” என்றார் ஸி புஆலெம். மேஜையில் படம் விரித்திருந்தது. நீலம், வெளிர் நீலம், மாசுமறுவற்ற படம். பக்கத்தில் பேனா. பேனாவுக்குப் பக்கத்தில் நிரந்தர வேலைக் காகிதம்.

“எழுந்திரிங்க. வெளிய போங்க. கட்டிடத்துக்கு அடியில தரை இல்ல.”

“கையெழுத்து.”

“ஐம்பது மீட்டர் கயிறு விட்டோம்! வந்து பாருங்க!”

“இருபத்தேழு வயசுல எல்லாருக்கும் தரை ஆடும்மா. கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ, சூடா எதாவது குடி.”

கைபேசியில் எடுத்துவிட்டார்கள்.

“யெம்மா!”

“எதுக்குடி கத்துற?” யெம்மாதான். அதே எரிச்சல். அதே குரல். நுவாரா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிறாள். பேசுகிறாள். திட்டுகிறாள்.

“யெம்மா, வெளிய வா. எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் தெருவுக்கு வா. இப்பவே.”

“என்ன மணி ஆகுது? கரண்ட் போயிடுச்சு. ஜன்னலத் தொறந்துதான் வெச்சிருக்கோம், தெருவே தெரியல, இருட்டிடுச்சா அதுக்குள்ள?”

ஜன்னலுக்கு வெளியே நாலு மணி. சாம்பல் வெளிச்சம். கடற்பறவை ஒன்று கம்பத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. யெம்மாவின் குரலுக்குப் பின்னால், அடங்கி, தேய்ந்து, அதே குரல். *இருட்டிடுச்சா அதுக்குள்ள.*

“யாரு அது யெம்மா? பின்னால யாரு?”

“அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கொழுப்பெடுத்துப் போய் நான் சொல்றத எல்லாம் திருப்பிச் சொல்றா. வயசாச்சு, புத்தி இல்ல. ஏ! சும்மா இருடி!”

*சும்மா இருடி.*

இரண்டு நொடி.

அவளுடைய மூளை அவளைக் கேட்காமலே கணக்குப் போட்டது. மூன்று வருஷம் அவள் செய்த வேலை. போன ஒலி திரும்பி வர எடுக்கும் நேரம். காற்றில் நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர். போக ஒரு நொடி, வர ஒரு நொடி.

முந்நூற்று நாற்பது.

“யெம்மா,” என்றாள். “எதாவது பேசு. சத்தமா. என் பேரச் சொல்லு.”

“பைத்தியமா உனக்கு? நுவாரா!”

ஒன்று. இரண்டு. மூன்று.

*நுவாரா.*

வீடு இறங்கிக்கொண்டிருந்தது. அல்லது யெம்மா எதன்மீது உட்கார்ந்திருந்தாளோ, அது அங்கேயே நிற்க, தரைதான் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ரவை உருட்டும் சத்தம் கேட்டது. மரத்தட்டில் மற்ற மூன்று ஜோடிக் கைகள், வட்டமாக, வட்டமாக. நிறுத்தவே இல்லை.

“நகராத யெம்மா. ஒருத்தரும் எழுந்திரிக்காதீங்க. நான் வர்றேன்.”

“வா, வா. வரும்போது விளக்கு எடுத்துட்டு வா. தட்டுலேர்ந்து ரவை கொட்டுது, எங்க போகுதுன்னே தெரியல.”

ஸி புஆலெமுக்கும் கேட்டிருந்தது. அறை அவ்வளவு அமைதி. அவருடைய குவளை மேஜையில் இருந்தது. காப்பியின் மேல்தோல் மெல்ல நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான்கு புள்ளிகளை முதன்முதலில் பார்த்த இளைஞனின் முகம் அதில் வந்து போயிற்று.

“லைன் சரியில்ல,” என்றார். “வெறும் இரைச்சல்.”

நுவாரா பேனாவை எடுத்தாள். மாசுமறுவற்ற நீலத்தின்மேல், கட்டிடம் இருந்த இடத்தில், மேடு இருந்த இடத்தில், பழைய குடியிருப்பு இருந்த இடத்தில், தாள் கிழியக் கிழிய ஆழ எண்களைக் குத்தினாள். அடியில் பெயரை முழுசாக எழுதினாள். அவருக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. நான்காவது தடவை இல்லை.

“இந்தக் கதவத் தாண்டினா வேல இல்ல!” அவர் கத்தினார். நாற்காலியிலிருந்து எழவில்லை. “கேக்குதா? திரும்பி வந்தா உள்ள விட மாட்டேன்!”

அவள் கதவைத் தாண்டினாள்.

போவதா வேண்டாமா என்று யோசிக்க ஒன்றும் இல்லை. ஸுபிரின் மேஜையிலிருந்த கைவிளக்கை எடுத்துக்கொண்டாள். கைபேசி காதில். யெம்மா இன்னும் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தாள், பதில் இப்போது நான்கு நொடி கழித்து வந்தது.

வெளியே மழை இல்லை. காற்று இல்லை. அலைச் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நிற்காத அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. துறையில் முப்பது படகுகள். பின்பக்க நங்கூரச் சங்கிலிகள் விறைத்திருந்தன. அத்தனை படகும் கடலுக்கு முதுகைக் காட்டி, மூக்கை ஊரைப் பார்த்துத் திருப்பி நின்றன. தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், கண்ணாடி நகர்வது போல, கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மீன்பெட்டி ஒன்று மிதந்து வந்தது. துறைச்சுவரை முட்டவில்லை. சுவருக்கு அடியில் போயிற்று. வெளியே வரவில்லை.

அவள் திரும்பி நூற்றிருபது படிகளில் முதல் படியில் கால் வைத்தாள்.

பின்னால் சங்கிலி ஒன்று அறுந்தது. இன்னொன்று. முதல் படகு மெல்ல முன்னால் வந்தது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. வரிசையாக, ஆளில்லாமல், சத்தமே இல்லாமல், பாய்மரக் கம்பம் கடைசியாக மறைய, அவை ஊருக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தன.